வண்டிக்கு முன்னாடி டீலரைத் தேடுங்க: வாசகர் கேள்வி பதில் (2023 மாடலுக்கு ஆர்டர் முடிஞ்ச நேரத்துல வந்த கேள்விகள்)

கேள்வி: அமெரிக்காவுல இருக்கேன், ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட் (பெட்ரோல், மின்சாரம் ரெண்டையும் சேர்த்து ஓடற சின்ன பிக்கப் டிரக்) வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. 2023 மாடலுக்கு ஆர்டர் முடிஞ்சுபோச்சு, அடுத்த மாடலுக்கு 500 டாலர் கட்டி பேர் எழுதிக்கோங்கன்னு ஒரு டீலர் சொல்றார், வண்டி வரும்போது ஸ்டிக்கர் விலைக்கு மேல 5,000 டாலர் ஆகலாம்னும் சொல்றார். கட்டலாமா?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: அந்த 5,000 வாங்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத் தந்தா கட்டுங்க, இல்லைன்னா வேண்டாம். அங்க டீலர்ங்கறவர் தனி வியாபாரி, கம்பெனி ஆள் இல்ல. கண்ணாடியில ஒட்டியிருக்கற விலைச்சீட்டு 1958-ல வந்த சட்டப்படி கட்டாயம்தான், ஆனா அதுல இருக்கறது கம்பெனி சொல்ற விலை மட்டும், அதுக்கு மேல கேட்கக் கூடாதுன்னு எந்தத் தடையும் இல்ல, அதனால வாய்ப்பேச்சை நம்பவே நம்பாதீங்க.

உங்க அவசரம் புரியுது. 2021 ஜூன்ல 19,995 டாலர்ல ஆரம்பம்னு இந்த வண்டியை அறிவிச்சாங்க, அந்த நேரத்துல சிப் தட்டுப்பாடு வேற, 2022 ஜனவரி கடைசியிலயே ஆர்டர் வாங்கறத நிறுத்திட்டாங்க. 2023 மாடலுக்கு 2022 செப்டம்பர் 15-ம் தேதி திறந்தாங்க, ஒரு வாரம் போல ஓடுச்சு, அவ்வளவுதான், ஆரம்ப விலையும் 22,000-ஐத் தாண்டிடுச்சு. அதனால திறக்கற அன்னைக்கே ஆர்டர் உள்ள போகணும், அதுக்கு டீலரை இப்பவே முடிவு பண்ணி வெச்சிருக்கணும்.

பெரிய ஷோரூம்னா சீக்கிரம் கிடைக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பழைய விற்பனையைப் பார்த்துத்தான் கம்பெனி ஒவ்வொரு டீலருக்கும் இத்தனை வண்டின்னு ஒதுக்குவாங்க, அதனால பெரிய டீலருக்கு வண்டி அதிகம்தான், ஆனா அங்க நிக்கற வரிசையும் நீளம். போன மாடல்ல எத்தனை வண்டி வந்துச்சு, இன்னும் கிடைக்காம எத்தனை பேர் காத்திருக்காங்க, நான் எத்தனாவது ஆள், இந்த மூணையும் கேளுங்க. மாசம் ரெண்டு வண்டி வந்து மூணு பேர் காத்திருக்கற சின்ன ஊர் டீலர், மாசம் பத்து வந்து நூறு பேர் காத்திருக்கற டீலரைவிட எவ்வளவோ மேல், ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய் எடுத்தாலும் பரவாயில்ல. ஆர்டர் உங்க பேர்ல ரீடெய்ல் ஆர்டரா போகுதா, டீலர் ஸ்டாக் கணக்குல போகுதான்னும் பாருங்க, ஒரே டீலருக்குள்ள யாருக்கு முன்னுரிமைன்னு அவர் ஒரு நம்பர் போடுவார், அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

அட்வான்ஸ் திருப்பித் தருவோம்னு ரசீதுலயே இருக்கணும், கிரெடிட் கார்டுல கட்டுங்க. வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) வந்துட்டா வண்டி தயாரிப்பு வரிசைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் கலர், பேக்கேஜ் எதையும் மாத்த முடியாது. சன்ரூஃப், லக்சுரி பேக்கேஜ்னு சேர்க்கச் சேர்க்க, ஏதாவது ஒரு பார்ட் தட்டுப்பாட்டுல உங்க வண்டி மாட்டிக்கிட்டு நிக்கும், நிஜமா தேவைப்படறத மட்டும் போடுங்க. மெக்சிகோவுல எர்மோசியோ ஆலையில செஞ்சு அங்கிருந்து வரணும், அதனால புது வண்டி கைக்கு வர்ற வரைக்கும் பழைய காரை வித்துடாதீங்க.

கேள்வி: ஹைபிரிட்டுக்குத்தான் வரிசை, ஈக்கோபூஸ்ட்னா (அதே வண்டி, டர்போ பெட்ரோல் இன்ஜினோட) சீக்கிரம் கிடைக்கும்ங்கறாங்க. எதை எடுக்கலாம்?

பதில்: பின்னாடி என்ன இழுக்கப் போறீங்கன்னு முதல்ல பாருங்க. 2023 மாடல்ல ஹைபிரிட் 2,000 பவுண்டு இழுக்கும், முன்சக்கர டிரைவ் மட்டும்தான். 2.0 லிட்டர் டர்போவுல டோயிங் பேக்கேஜ் போட்டா 4,000 பவுண்டு, நாலு சக்கர டிரைவும் உண்டு. படகு, டிரெய்லர்னா டர்போதான், யோசிக்கவே வேண்டாம்.

மைலேஜுக்காகன்னா கணக்குப் போடுங்க. 2023 மாடல்ல சிட்டி, ஹைவே சேர்த்து ஹைபிரிட் கேலனுக்கு 37 மைல், முன்சக்கர டர்போ 26. வருஷம் 12,000 மைல் ஓட்டினா மிச்சம் 137 கேலன் கிட்ட, கேலன் மூணரை டாலர்னு வெச்சா 480 டாலர். அப்போ ஹைபிரிட்டுக்காக டீலருக்கு 5,000 கூடக் குடுத்தா அது திரும்பி வர பத்து வருஷம் ஆகும்! ஸ்டிக்கர் விலைக்குக் கிடைச்சா ஹைபிரிட்டுக்குக் காத்திருங்க, அதுதான் என் கருத்து.

கேள்வி: ஆர்டர் போடாம வாங்க வழியே இல்லையா?

பதில்: இருக்கு. ஆர்டர் குடுத்தவங்க வேலை மாறி, ஊர் மாறி, வேற கார் வாங்கி, வேண்டாம்னு விட்டுடறது உண்டு. அந்த வண்டி வந்து நின்னா அன்னைக்கே போயிடும், அதனால நாலஞ்சு டீலர்கிட்ட போன் நம்பர் குடுத்து வெச்சு வாராவாரம் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க, கலர் பார்க்காதீங்க, லோன் அப்ரூவல் தயாரா இருக்கட்டும். இதே மாதிரி சின்ன பிக்கப்பான ஹுண்டாய் சான்டா குரூஸையும் ஒருதடவை ஓட்டிப் பாருங்க, ஹைபிரிட் கிடையாது, ஆனா உள்ள உட்கார நல்ல வண்டி.