பழைய காரில் குரூஸ் கண்ட்ரோல் பிடிக்கவில்லை, எங்கிருந்து பார்ப்பது?

குளச்சலில் கடலோரம் நிற்கும் பழைய கார், காவல்கிணறு நான்குவழிச் சாலையில் பொத்தானை எவ்வளவு அழுத்தியும் குரூஸ் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) பிடிக்கவில்லை, எங்கிருந்து பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பிரேக் விளக்கைப் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் குரூஸ் விட்டுவிட வேண்டும். அதற்காகப் பல பழைய கார்களில் குரூஸை இயக்கும் கண்ட்ரோல் பெட்டி, பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். பல்பு போயிருந்தாலோ எல்இடி மாட்டியிருந்தாலோ, பிரேக் மிதிபட்டிருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். பழைய இழை பல்பையே போட்டுப் பாருங்கள். செலவு சொற்பம், பலன் பெரிது.

அப்புறம் வேக்குவம் ஓஸ்கள், அதாவது பல பழைய கார்களில் ஆக்சிலரேட்டரை இழுத்துப் பிடிக்கும் உறிஞ்சுவிசையைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள். ரப்பர் வெடித்திருந்தால் பிடித்த வேகம் நழுவும். பிரேக் பெடலுக்கு மேலே உள்ள வேக்குவம் வால்வு கசிந்தாலும் அதே கதைதான். நம் உப்புக்காற்றில் எர்த் முனைகள் பச்சை பூத்திருக்கும், சுரண்டி இறுக்குங்கள். குரூஸுக்கு வேகம் சரியாகத் தெரிய வேண்டும், அதனால் ஸ்பீடோமீட்டர் முள் துள்ளினால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

இதெல்லாம் சரியா? அப்படியானால் கண்ட்ரோல் பெட்டிக்குள் சால்டர் (ஈயப் பற்றுவைப்பு) விரிசல் விட்டிருக்கலாம். புதுப் பெட்டி தேடி அலையாதீர்கள். நாகர்கோவிலில் நல்ல எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரே மறுபடி பற்றவைத்துத் தருவார்.

ஆக்சிலரேட்டர் கேபிள் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்க்காமல் மட்டும் ரோட்டில் சோதிக்காதீர்கள்.