மூளை ஸ்கேனும் வயதும்: நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும்

மூளை எம்ஆர்ஐ படங்களை அளந்து பார்ப்பதுதான் என் வேலை. வயதாகும் மூளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் வந்து குவிந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே. நான் மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 71 வயது. தலைசுற்றல் என்று எம்ஆர்ஐ எடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்’ என்று போட்டிருக்கிறது. மறதி நோயா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. அறுபது எழுபது தாண்டியவர்கள் படத்தில் மூளை மடிப்புகளுக்கு இடையே பள்ளம் கொஞ்சம் அகன்றிருக்கும், நடுவில் நீர் நிற்கும் அறைகளும் சற்றுப் பெரிதாகியிருக்கும். கிட்டத்தட்ட ஒரே மாதிரி படம் உள்ள இரண்டு பேரில் ஒருவர் வீட்டுக் கணக்கைப் பைசா பிசகாமல் சொல்வார், இன்னொருவர் மாத்திரை போட்டோமா இல்லையா என்று தடுமாறுவார். பணம், மாத்திரை, பழகிய வழி, இதிலெல்லாம் அப்பா முன்பைவிடத் திணறுகிறாரா என்று பாருங்கள். திணறினால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்; பி12, தைராய்டு, காது, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவையும் மறதி நோய் போலவே வேஷம் கட்டும், ஆனால் வைத்தியம் உண்டு.

கேள்வி: அப்போ ஸ்கேனால் என்னதான் பிரயோஜனம்?

கட்டி, அடைப்பு, கசிவு இருக்கிறதா என்று காட்டும், அது பெரிய விஷயம். ஆனால் அறிவுத்திறன் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால், எங்கிருந்து இறங்கி இங்கே வந்தது என்று தெரியாமல் ஒற்றைப் படத்தால் சொல்ல முடியாது.

இதைக் காட்டிய ஆய்வு ஸ்காட்லாந்தில் நடந்தது. 1947 ஜூன் 4 அன்று, 1936இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் 70,805 பேருக்கு ஒரே அறிவுத் தேர்வு வைத்தார்கள். மதிப்பெண்கள் பத்திரமாக இருந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இயன் டியரி குழு 2004 முதல் 2007 வரை அந்த வயதுக்காரர்கள் 1,091 பேரைத் தேடிப்பிடித்து, 70 வயதில் அதே தேர்வை மறுபடி எழுத வைத்தது; 73 வாக்கில் சுமார் 700 பேரை எம்ஆர்ஐயில் படுக்க வைத்தது. எழுபதில் யார் முந்தி யார் பிந்தி என்ற வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி, பதினொரு வயதிலேயே இருந்த வித்தியாசம். மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, தடிமனாக இருந்தவர்கள் எழுபதில் நன்றாக எழுதியிருந்தார்கள், சரி; ஆனால் அந்தத் தொடர்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சிறுவயது மதிப்பெண்ணே விளக்கிவிட்டது. அந்தப் பழைய மதிப்பெண் மட்டும் கையில் இல்லாவிட்டால், தடித்த புறணிதான் முதுமையில் மூளையைக் காப்பாற்றியது என்று எழுதிவிட்டுப் போயிருப்போம்.

கேள்வி: காபி குடித்தால், குறுக்கெழுத்துப் போட்டால் மூளை மங்காதாமே?

அதே எடின்பரோ ஆட்களிடம் காபியையும் பார்த்தார்கள். குடிப்பவர்கள் நல்ல மதிப்பெண்தான் வாங்கினார்கள். பதினொரு வயது மதிப்பெண்ணையும் குடும்ப வசதியையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. 2012இல் வந்த இன்னொரு கட்டுரையில், உடலை அசைப்பவர்களுக்கு மூளைச் சுருக்கம் குறைவாக இருந்தது, மூளைக்கு வேலை கொடுக்கும் பொழுதுபோக்குகளுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அதிலும் மூளை நன்றாக இருப்பதால் நடக்கிறார்களா, நடப்பதால் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி மிச்சம். குறுக்கெழுத்து பிடித்தால் போடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம்.

கேள்வி: வயதானவர்களுக்கு மூளையின் இரண்டு பக்கமும் ‘ஒளிர்கிறது’ என்று படித்தேன். நல்லதா கெட்டதா அக்கா?

முதலில், எதுவும் ஒளிர்வதில்லை, வண்ணம் நாங்கள் பூசுவது. நரம்பணுக்கள் வேலை செய்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடும், அதில் ஆக்சிஜன் அளவு மாறுவதை எந்திரம் பிடிக்கிறது, அதுவும் சில விநாடி தாமதமாக. ஞாபகப் பயிற்சிகளில் இளைஞர்களுக்கு முன்மூளையில் ஒரு பக்கம் தூக்கலாகத் தெரியும், முதியவர்களுக்குப் பல நேரம் இரண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ராபர்ட்டோ கபேசா 2002இல் இதற்கு ‘ஹாரல்ட்’ (HAROLD) என்று பெயர் வைத்தார்; முதுமையில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவதைச் சொல்லும் ஆங்கிலச் சுருக்கம் அது. தளர்ச்சியை ஈடுகட்டும் முயற்சியா, வேலையைப் பிரித்துக்கொள்ளும் திறன் போனதன் அடையாளமா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. போதாக்குறைக்கு, வயதானால் ரத்தக்குழாயும் மாறுகிறது, அதனால் 25 வயதுப் படத்தையும் 75 வயதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

கேள்வி: எம்ஆர்ஐ கதிர்வீச்சு ஆபத்தா?

எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு இதில் கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். உள்ளே சத்தம் காதைப் பிளக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 45. தொந்தரவு ஒன்றுமில்லை. சும்மா ஒன்று எடுத்து வைக்கவா?

வேண்டாம் தம்பி. எந்தக் கெடுதலும் செய்யாத சின்னச் சின்ன விஷயங்கள் அதில் தென்படும், அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னும் இரண்டு டெஸ்ட், நாலு நாள் தூக்கம் போகும். மருத்துவர் காரணம் சொல்லி எழுதிக்கொடுத்தால் எடுங்கள்.