எடையில் குறைத்துவிட்டு பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்பது) செய்தால் மட்டும் போதுமா?

போதாது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர் ஒருவர் கிலோவுக்கு 50 கிராம் அமுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜென்மராக்கினி மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறார் என்று வையுங்கள். மனம் வருந்தினால் மன்னிப்பு உண்டு. ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் கடமை தீராது. கத்தோலிக்கப் போதனை இதில் கறார். பைபிளின் எண்ணிக்கை நூல் (5:7) முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலிப்பவரான சக்கேயுவை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்: யாரும் கேட்காமலே, ஏமாற்றியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று இயேசுவின் முன் எழுந்து நின்று சொன்னார் (லூக்கா 19:8).

மீன் வாங்கியவர் யாரென்றே தெரியாதே என்பீர்கள். அப்படியானால் அந்தத் தொகை ஏழைகளுக்குப் போகட்டும். எவ்வளவு என்பதைக் குருவானவரிடமே கேட்டு முடிவு செய்யலாம்.