படபடப்போடு வருபவரை எப்படிக் கவனிப்பது? மனநலப் பிரிவுச் செவிலியர் பதில்கள்

நர்சிங் மாணவி: சிஸ்டர், கேஷுவாலிட்டியில் ஒருவர் "நெஞ்சு அடைக்குது, செத்துடுவேன்" என்று வந்தார். ஈசிஜி நார்மல் என்றதும் "டென்ஷன்தான், ஒண்ணுமில்ல" என்று எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்திருக்கலாம்?

ஈசிஜி எடுத்தது சரி. முதல் தடவை இப்படி வருபவரை எடுத்த எடுப்பில் டென்ஷன் கேஸ் என்று ஒதுக்கக் கூடாது. மாரடைப்பு, சர்க்கரை இறங்குவது, தைராய்டு, ஆஸ்துமா எல்லாமே படபடப்பாக வரும். ஒரு ஈசிஜி நார்மல் என்பதால் மட்டும் இதயக் கோளாறு இல்லை என்று ஆகிவிடாது. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். சர்க்கரையையும் ஆக்சிஜன் அளவையும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அதெல்லாம் சரி என்றான பிறகு, அவரை விட்டு நகராதீர்கள். பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று கிளம்பும் கடும் பயம், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்லும் சொந்தக்காரர்களைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். "நான் இங்கதான் இருக்கேன். கொஞ்ச நேரத்துல இறங்கிடும். என்கூடவே மூச்சு விடுங்க." இவ்வளவு பேசினால் போதும். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். வாயால் சொல்வதைவிட நீங்களே செய்து காட்டினால் அவருக்குச் சுலபம். விரல் மரத்து, கை இழுத்துக்கொண்டால் பக்கவாதம் என்று இன்னும் பயப்படுவார். "வேகமா மூச்சு விட்டதால வந்தது, சரியாயிடும்" என்று சொல்லிவிடுங்கள்.

ஹில்டகார்ட் பெப்லா என்ற நர்சிங் அறிஞர் பதட்டத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என்று நான்காகப் பிரித்தது பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள். கடைசி இரண்டில் இருப்பவருக்கு எந்த விளக்கமும் ஏறாது. அறிவுரை, "ஏன் இப்படிப் பயப்படறீங்க?" என்ற விசாரணை எல்லாம் அவர் நிதானத்துக்கு வந்த பிறகு.

இன்னொருவர்: பேப்பர் கவருக்குள் மூச்சு விடச் சொல்லலாமா?

வேண்டாம். அது ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்துவிட்டால் ஆக்சிஜன் குறைந்து ஆபத்தாகிவிடும்.

ஒரு மகன்: அம்மா நாள் முழுக்க பிரஷர் பார்க்கச் சொல்கிறார். நார்மல் என்று காட்டினாலும் அரை மணியில் மறுபடி கேட்கிறார். பார்க்காவிட்டால் அழுகை.

தம்பி, பார்த்த நிமிடம் நிம்மதி, அது போனதும் அடுத்த சந்தேகம். நீங்கள் பார்க்கப் பார்க்க அந்தச் சந்தேகம் வளரத்தான் செய்யும். டாக்டரிடம் கேட்டு வேளையை முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் அதோடு சரி, மெஷின் பீரோவுக்குள் போய்விட வேண்டும். நடுவில் கேட்டால் திட்டவும் வேண்டாம், "நார்மல்தாம்மா" என்று நூறு தடவை சொல்லவும் வேண்டாம். "பயமா இருக்கு, தெரியுது. வாங்க, இந்தக் கீரையை ஆய்ஞ்சுக்கிட்டே பேசலாம்" என்று கையில் வேலை கொடுங்கள். முதல் சில நாள் அழுகை கூடும், தாக்குப்பிடியுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அண்ணன் ஒரு தடவை இரக்கப்பட்டு எடுத்துப் பார்த்தால் பழைய கதைதான். காபியையும் குறைக்கச் சொல்லுங்கள்.

ஒரு மனைவி: கணவருக்குப் பதட்டத்துக்கு எஸ்சிட்டலோப்ராம், குளோனசெபாம் என்று இரண்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமாகப் படபடப்பு கூடியிருக்கிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம்மா. எஸ்சிட்டலோப்ராம் ஆரம்பத்தில் சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகலாம். இப்போதே டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றிக் கொடுப்பார். குளோனசெபாம் உடனே கேட்கும், அதனாலேயே பழகியும் போகும். சீட்டில் எழுதியதற்கு மேல் ஒரு நாள்கூட மெடிக்கலில் வாங்காதீர்கள். ரொம்ப நாள் போட்டதைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியாக விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ்: நோயாளியின் கவனிப்புத் திட்டத்தில் (கேர் பிளான்) "பதட்டம் குறையும்" என்று எழுதினால் போதாதா?

குறைந்ததா என்று அடுத்த ஷிஃப்ட் எதை வைத்துச் சொல்லும்? "மூன்று நாளில் மூச்சுப் பயிற்சியை உதவியில்லாமல் செய்வார், படபடப்பு ஆரம்பிக்கும் அறிகுறிகளில் இரண்டைத் தானே சொல்வார்" என்று எழுதுங்கள். பதட்டத்தை அளக்கும் ஜிஏடி-7 கேள்வித்தாள் இருந்தால் 21-க்கு எத்தனை என்று வார்டில் சேர்க்கும்போது ஒரு தடவை, பிறகு ஒரு தடவை குறியுங்கள். எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, எதைச் செய்ததும் அடங்கியது என்ற மூன்றும் நைட் ரிப்போர்ட்டில் இருந்தால் காலை டூட்டிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒரு பெரியவர்: மருமகளை மந்திரிக்கக் கூட்டிப்போகலாமா?

அவருக்கு விருப்பம் இருந்தால் போய் வாருங்கள் ஐயா. மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அடிப்பது, பட்டினி போடுவது என்று ஆரம்பித்தால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தவித்தால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.