எக்கோவும் எதிர்முழக்கமும்

கேள்வி: எங்கள் திருமண மண்டபத்தில் மைக்கில் பேசினால் 'எக்கோ அடிக்குது' என்கிறார்கள். ஏற்காட்டில் பாறைச் சரிவைப் பார்த்துக் கத்தினால் திரும்பி வருவதும் எக்கோதான். இரண்டும் ஒன்றா? மண்டபத்தில் அதைக் குறைக்க வழி உண்டா? (வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்)

பதில்: இல்லை. ஏற்காட்டில் கேட்பது எதிரொலி. கத்திய குரல் 0.1 நொடியாவது கழித்துத் திரும்பினால்தான் காது அதைத் தனியாகப் பிரித்துக் கேட்கும். அதற்குப் பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மண்டபத்தில் நடப்பது பெரும்பாலும் எதிர்முழக்கம். சுவர், தரை, கூரை எல்லாவற்றிலும் பட்டு வரும் ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முதல் சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்து குழம்புகிறது.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள டைல்ஸ் தரை மண்டபம் காலியாக இருந்தால் முழக்கம் அடங்க ஏறக்குறைய 5 நொடி ஆகும். 200 பேர் உட்கார்ந்தால் ஒன்றரை நொடிக்கு இறங்கிவிடும். உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. ஆகவே காலையில் காலி மண்டபத்தில் மைக் சோதித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். பேச்சுக்கு ஒரு நொடியை ஒட்டி இருந்தால் நல்லது.

முதலில் மேடைக்கு எதிரே உள்ள பின்சுவரைக் கவனியுங்கள். சுவர் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு கனத்த துணி எடுத்து, மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் விலக்கித் தொங்கவிடுங்கள். ஜமக்காளமும் உதவும், ஆனால் சுவரோடு ஒட்டி ஆணி அடித்தால் பலன் பாதிகூட இராது. தெர்மோகோல் ஒட்டிக் காசை வீணாக்காதீர்கள். அதற்குள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் மூடியவை, ஒலி உள்ளே புகாது. ஸ்பீக்கரை உயரத்தில் வைத்து, பின்சுவரை நோக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். பேச்சு நடக்கும்போது மிக்சரில் எக்கோ குமிழ் பூஜ்யத்தில் இருக்கட்டும். பாட்டுக்கு ஏற்றிவிட்டு இறக்க மறப்பதுதான் பல மண்டபங்களில் பாதிக் கோளாறு.

கேள்வி: 'கனமழை எதிரொலி: பூ விலை உயர்வு' என்று தலைப்பில் வருகிறதே, ஆங்கிலத்திலும் எக்கோ என்று எழுதலாமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: கூடாது. தமிழில் அது விளைவைக் குறிக்கிறது. ஆங்கில எக்கோவுக்கு அந்தப் பொருள் இல்லை. ஒருவர் சொன்னதையே இன்னொருவர் வழிமொழிந்தால் அங்கே எக்கோ பொருந்தும். இதயத்துக்கு எடுக்கும் எக்கோ பரிசோதனையிலும் நேர்ப்பொருள்தான்: காதுக்கு எட்டாத மீயொலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு வால்வுகளின் அசைவைத் திரையில் காட்டுகிறார்கள்.