தலையணை அடியில் பிஸ்கட்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. எடை 44 கிலோ, உயரம் 134 செ.மீ. பள்ளியில் "குண்டு" என்று கூப்பிடுகிறார்கள். மாமியார், "உயரமானால் சரியாகிவிடும்" என்கிறார். இரண்டு மாதமாக அவளுடைய இரவுச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன், எடை குறையவில்லை. போன வாரம் தலையணை அடியில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. கோபத்தில் அடித்துவிட்டேன். என்ன செய்வது டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த 44 கிலோவைவிட பிஸ்கட் பாக்கெட்தான் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. பசித்த பிள்ளை ஒளித்துச் சாப்பிட்டிருக்கிறாள். பயத்தில் அவசரமாகத் தின்னும்போது வயிறு நிறைந்ததே தெரியாது. "அடித்தது என் தப்பு, இனி நீ பசியோடு படுக்க வேண்டாம்" என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை எடை பார்க்கும் மெஷினில் நிற்க வைத்து, அவன் அம்மா முன்னாலேயே கண்டித்தேன். அப்புறம் இரண்டு வருடம் அவன் வரவே இல்லை. வந்தபோது 19 கிலோ கூடியிருந்தான். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையின் எடையையும் நான் சத்தமாகச் சொல்வதில்லை.

சரி, உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் மகளின் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் கணக்கு, 24.5. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 9 வயதுச் சிறுமிக்கு 21.5-ஐத் தாண்டினாலே உடல் பருமன். சும்மா விட்டுவிடக் கூடாது. ஆனால் இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளர்வாள். எடை 44-லேயே நின்றால், 140 செ.மீ. ஆகும்போது பிஎம்ஐ 22.4-க்கு வந்துவிடும். இப்போதைக்கு எடை ஏறாமல் பிடித்து நிறுத்துங்கள், பட்டினி போட வேண்டாம்.

அவளுக்கு மட்டும் தனிச் சட்டம் வைக்காதீர்கள். குளிர்பானம் வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் அப்பாவுக்கும் வரக் கூடாது. 330 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு டீஸ்பூன். குடித்தால் பசியும் அடங்காது. பழச்சாறும் கிட்டத்தட்ட அப்படித்தான், பழமாகவே கொடுங்கள். பிஸ்கட்டை வாங்கி வைத்துப் பூட்டுவதைவிட வாங்காமலே இருப்பது நல்லது. என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு என்பதை அவள் வயிறு சொல்லட்டும். டிவியை அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது தானாகத் தெரிய வரும்.

தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், விளையாட்டை அவளே தேர்ந்தெடுக்கட்டும். இரவு 9 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்திருக்கிறதா, தூக்கத்தில் குறட்டை விடுகிறாளா, உயரம் சரியாக ஏறுகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

பள்ளிக்கு நீங்களே போய் வகுப்பு ஆசிரியரிடம் அந்தக் கேலியைப் பற்றிப் பேசுங்கள். வீட்டிலும் "குண்டு" என்ற சொல்லைச் செல்லத்துக்குக்கூட யாரும் சொல்ல வேண்டாம்.