13 வயதுப் பையனை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். எந்தப் பாடத்திட்டம் எடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால்: பையன் எட்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான், அதன்பிறகு பள்ளிக்கு அனுப்புவதாக இல்லை, மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ்ஸா, இங்கிலாந்து வாரியமான கேம்பிரிட்ஜா, தமிழ்நாட்டு அரசின் சமச்சீரா என்று குழப்பம்.

சின்ன வயதில் எந்தப் புத்தகத்தை வைத்தும் ஓட்டிவிடலாம். 13 வயதில் அப்படி முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் யாரிடமிருந்து வாங்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பாடத்திட்டம் தானாக அமைந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் ஹோம்ஸ்கூல் தொகுப்புகளைப் பார்த்து மயங்க வேண்டாம். புத்தகங்கள் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றைப் படித்து முடித்தாலும் தேர்வு எழுத நம் ஊரில் ஏதாவது ஒரு வாரியத்திடம்தான் போய் நிற்க வேண்டும்.

எங்கள் மகளுக்கு என்ஐஓஎஸ் எடுத்தோம், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல முடியும். இது 1989இல் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் போதும், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு வருகிறது. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும்.

இதில் எனக்குப் பிடித்ததே ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பதுதான். மகள் முதல் தேர்வுக்குத் தமிழும் ஓவியமும் மட்டும் கொடுத்தாள். ஓவியத்தில் எழுத்துத் தேர்வைவிடச் செய்முறைக்குத்தான் மதிப்பெண் அதிகம், அவளுக்கு அது கொண்டாட்டம். அந்தத் தேர்ச்சி கையில் வந்த பிறகு கணக்கைப் பார்த்து முன்பு இருந்த பயம் பாதி போய்விட்டது.

தொல்லையும் உண்டு. ஒவ்வொரு பாடத்துக்கும் டிஎம்ஏ என்ற ஒப்படைவு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு 20 விழுக்காடு மதிப்பு. வீட்டில் மணியடிக்க ஆள் இல்லாததால் பிள்ளைகள் இதைக் கடைசி வாரம்வரை தள்ளிப் போடுவார்கள். உங்களுக்கு ஒதுக்கப்படும் படிப்பு மையம் அக்கறையானதாக இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் மையத்தில் போனை எடுக்கவே மாட்டார்கள், செய்முறைத் தேர்வு என்றைக்கு என்று கேட்க நேரில் போய்த்தான் நின்றோம். சேரும் முன்பே மையத்துக்கு ஒரு நடை போய்ப் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு கட்டாயம் இல்லை என்றதும் பையன் துள்ளிக் குதிப்பான். விடாதீர்கள். மனையியல், உளவியல், டேட்டா என்ட்ரி என்று எது எடுத்தாலும் சரி, கூடவே கணக்கும் அறிவியலும் இருக்கட்டும். 14 வயதில் வெறுத்த பாடத்தை 16இல் தேடிப் போகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சமச்சீர் என்றால் பள்ளியில் சேராமலே தனித்தேர்வராக எழுதலாம். செலவு குறைவு, பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் முன்கூட்டியே பதிந்து, சொல்கிற பள்ளிக்குப் போய் வர வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைதான் குறி என்றால் எனக்கு இந்த வழிதான் தலைவலி இல்லாததாகப் படுகிறது. பிற வாரியச் சான்றிதழ் என்றால், அது மாநில வாரியச் சான்றிதழுக்குச் சமம் என்று சொல்லும் அரசின் சமநிலை ஆணை இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

கேம்பிரிட்ஜ் வாரியத்தின் பத்தாம் வகுப்பு நிலைப் படிப்பான ஐஜிசிஎஸ்இ நல்ல பாடத்திட்டம், மறுக்கவில்லை. ஆய்வகம் இல்லாதவர்களுக்கு அறிவியலில் செய்முறைக்குப் பதிலாக எழுத்துத் தாளே உண்டு. ஆனால் வெளியாளைத் தேர்வெழுத அனுமதிக்கும் பள்ளியை நீங்கள்தான் தேட வேண்டும், கட்டணமும் பாடத்துக்குப் பாடம் கட்ட வேண்டும். வெளிநாட்டில் படிக்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

எதில் பதிந்தாலும் அந்த வாரியத்தின் புத்தகத்தை மட்டும் வைத்துப் படிக்க வேண்டும் என்று சட்டமில்லை. என்ஐஓஎஸ் அறிவியல் புத்தகம் மகளுக்குச் சலிப்பாக இருந்தது. சமச்சீர் புத்தகத்தை வைத்துப் பாடத்தைப் புரிந்துகொண்டாள், தேர்வு நெருங்கியபோது என்ஐஓஎஸ் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

மாமா, சித்தப்பா எல்லாம் "திறந்தநிலைப் பள்ளியில் படித்தால் டாக்டராக முடியாதே" என்பார்கள். அது பழைய கதை. 2018இல் நீட் எழுதத் தடை வந்தது உண்மை. அதே ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அதை நீக்கியது, 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கு முடிந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பையனிடம் கேட்டீர்களா? உங்கள் கேள்வியில் அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. எட்டாம் வகுப்புச் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் பள்ளியில் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படலாம். 14 ஆக இன்னும் நாள் இருப்பதால், அதுவரை மூன்றிலும் பழைய வினாத்தாள்களை எடுத்து அவனிடம் கொடுத்துப் பாருங்கள்.